என் நாத்தனார் ராணுவத்துக்குப் போன கதை

என் நாத்தனாருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் சும்மா கிடக்கிறது. எங்களுக்கு அவள் பம்பரம். உட்கார் என்றால் உட்கார மாட்டாள். உட்கார்ந்தாலும் ஒரு கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். டீ குடிப்பதைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பாள். தரையெல்லாம் சொட்டு. துடைப்பது யார்? நான்தான். அதனால் அவளைப் பற்றிப் பேச மற்ற எல்லாரையும்விட எனக்கு உரிமை கொஞ்சம் அதிகம்.

லிப்ட் மெக்கானிக் அவள். ஊரில் இருக்கிற அடுக்குமாடிகளில் பாதிக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறாள். ஆனால் நாங்கள் குடியிருப்பதோ லிப்டே இல்லாத கட்டிடத்தின் மூன்றாம் மாடியில். "ஊருக்கெல்லாம் லிப்ட் விடறவ, அண்ணன் வீட்டுக்கு ஒண்ணு விடக் கூடாதா?" என்று என் வீட்டுக்காரர் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார். "உன் தொப்பைக்குப் படிதான் அண்ணே மருந்து" என்பாள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். நான் மத்தியானத்துக்கு மேல் மருந்துக்கடையில் நிற்கிறேன். நாலாவது ஆள் என் மாமனார்.

மாமா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். இடது கை, இடது கால் விழுந்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கக் கூடாதா என்று நான் நினைத்த நாட்களும் உண்டு, அவ்வளவு பேச்சு. டிவி சத்தம் கூட, சன்னல் வெயில் கூட, குழம்பில் உப்பு கம்மி. ஆனால் மனுஷர் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். அவரைக் குளிப்பாட்டுவது பெற்ற பெண்ணாகத்தான் இருக்கணும். மருமகள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஒரு தடவை பம்பரத்துக்குக் காய்ச்சல் என்று நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். "நான் செத்தப்புறம் ஊத்திக்க, இப்ப வெளிய போ" என்று கத்தினார். எனக்கும் கூச்சம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அப்படியா கத்துவது?

ஆக, தினமும் காலையில் பம்பரம்தான். அப்பாவைத் தோளில் சாய்த்துக் குளியலறைக்குக் கொண்டுபோவாள், முக்காலியில் உட்கார வைப்பாள், தேய்த்து ஊற்றித் துடைத்துச் சட்டை மாட்டி, சன்னல் ஓரத்து நாற்காலியில் கொண்டுவந்து விடுவாள். அதற்கப்புறம் தன் தலையில் ஒரு சொம்பு கொட்டிக்கொண்டு, ஒரு கையில் டீயும் ஒரு கையில் ஹெல்மெட்டுமாகப் படியில் ஓடுவாள். இந்த வீட்டின் மொத்த நாளும் அந்த ஒரு குளியலில்தான் மாட்டியிருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ராணுவம் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு லிப்ட் வழியாக.

ஓர் அரசாங்கக் கட்டிடத்தில் லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெண்மணி. மாட்டிக்கொண்டவர்களிடம் விடாமல் பேசிக்கொண்டே வேலை பார்க்கணும் என்பது இவர்கள் தொழிலில் ஒரு முறை. பேச்சு நின்றால் உள்ளே இருப்பவர்களுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும், கதவை நெம்ப ஆரம்பிப்பார்கள். நம்மாளுக்குப் பேசச் சொல்லியா கொடுக்கணும்? கதவுக்கு வெளியே நின்று அண்ணன் தொப்பையில் ஆரம்பித்து அண்ணி கோபம் வரைக்கும் எல்லாவற்றையும் கடை விரித்துவிட்டாள். கதவு திறந்ததும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தது ராணுவ உடுப்பில் ஒரு சார்ஜென்ட். நாலாம் மாடியில் இருக்கிற ஆள் சேர்க்கும் ஆபீஸ் அந்த அம்மாவுடையதுதான். "கை வேலையும் தெரியுது, தைரியம் சொல்லவும் தெரியுது. உன்னை மாதிரி ஆளைத்தான் எங்க இன்ஜினியர் பிரிவுல தேடறோம்" என்றாராம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் வந்தவள்தான். கால் தரையில் நிற்கவில்லை. "அண்ணி, வெள்ளம் வந்து ரோடு போயிடுச்சுன்னா ஒரே பகல்ல இவங்க பாலம் போட்டுருவாங்களாம். லாரி போற பாலம் அண்ணி! நம்ம அண்ணன் லாரி போகும்!"

"உங்க அண்ணன் உக்காந்திருக்கற லாரி போகுமான்னு கேட்டியா?"

"விளையாடாத அண்ணி." சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் நின்று நான் பார்த்தது அபூர்வம். "ஊர்ல எல்லாரையும் மேல ஏத்தறேன், கீழ இறக்கறேன். நான் மட்டும் எங்கயுமே போகல."

எனக்குச் சுருக்கென்றது. "டீ ஆறுது, குடி" என்றேன்.

சேருவதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று ரிசர்வ். முதலில் சில வாரம் பயிற்சி, அதற்கப்புறம் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருஷத்தில் இரண்டு வாரம் முகாம். மற்ற நாளெல்லாம் எப்போதும் போல வேலை, வீடு. பெரிதாக ஏதாவது நடந்தால் கூப்பிடுவார்கள், போகணும். இன்னொன்று முழு நேரம். நாலு வருஷத்துக்குக் கையெழுத்து. எங்கே போடுகிறார்களோ அங்கே. வீடு என்பது லீவில் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடம்.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலில் ரிசர்வ் என்றார்கள். போனில் என் வீட்டுக்காரர், "ரிசர்வ்தான் பெஸ்ட்டு. வேலையும் போகாது, ஆசையும் தீரும். பயிற்சி நடக்கற சில வாரத்துக்கு நான் லீவு போட்டு அப்பாவைப் பாத்துக்கறேன்" என்றார். ஏதோ கடைக்காரர் இரண்டு சோப்பை வைத்து எது வேண்டும் என்று கேட்ட மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொன்னார். மாமா இன்னும் சுருக்கம். "ரிசர்வ்னா காலையில வீட்டுல இருப்ப இல்ல?" என்று கேட்டார். இருப்பேன் என்றாள். "அப்ப அதுல சேரு."

நானும் ரிசர்வ் என்றுதான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அவள் போய்விட்டால் இந்த வீடு என் தலையில் விழும். அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. நாட்டுப்பற்று, ஆபத்து, பெண்பிள்ளை தனியாக என்றெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டோம். எல்லாம் மேல்பூச்சு. எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் காலைக் குளியல்தான் கண்ணில் நின்றது.

அவளுக்கோ முழு நேரம்தான் ஆசை. சொல்லவில்லை, ஆனால் தெரியாதா? ரிசர்வ் என்று பேச்சு வந்தால் தலையை மட்டும் ஆட்டுவாள். முழு நேரம் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் முகம் பளிச்சென்று ஆகும், உடனே அப்பாவின் பக்கம் பார்ப்பாள், மறுபடி அணைந்துவிடும்.

அதற்கப்புறம் சில வாரம் அவள் பண்ணின அழிச்சாட்டியம் இருக்கிறதே! காலையில் ரிசர்வ் என்பாள், சாயங்காலம் முழு நேரம் என்பாள். மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் விட்டாள். ஆடாத கதவுக்குக் கீல் மாற்றினாள். என் தையல் மிஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, நடுவில் எழுந்து படிக்கட்டில் மேலும் கீழும் நடக்கப் போய்விட்டாள். கீழ் வீட்டுக்காரி என்னிடம் வந்து, "உங்க நாத்தனார் எதையாவது தொலைச்சுட்டாளா?" என்று கேட்டாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏய், ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணித் தொலையேன்டி. நீ சுத்தற சுத்துல எனக்குத் தலை சுத்துது!" என்றேன்.

"எதை முடிவு பண்ணினாலும் இன்னொண்ணு கூப்பிடுது அண்ணி. நான் என்ன பண்ண?"

மருத்துவப் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். அதில் தேறினால் எந்தப் பக்கம் என்று அவள் சொல்லியாகணும். கம்பெனியில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் ஆளை மாற்றிவிடுவார்களோ என்று பயம். "அண்ணி, போர்மேன்கிட்ட மட்டும் மூச்சு விட்றாத" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்த நாள் காலையில் அப்பாவைக் குளிப்பாட்டும்போதே போன் அடித்தது. ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் லிப்ட் அடியில் ஏதோ உரசுகிற சத்தம். போகிற வழிதான், எட்டிப் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். அப்பாவுக்குச் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுவிட்டு ஓடினாள். மாமா நாள் பூராவும் அந்தக் கோணல் சட்டையோடுதான் இருந்தார்.

மத்தியானம் நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது போர்மேன் போன் பண்ணினார். அவர் எப்போதும் உரக்கப் பேசுகிற மனுஷர். அன்றைக்குக் குரல் உள்ளே போயிருந்தது.

"தங்கச்சி, பம்பரம் வீட்டுக்கு வந்தாளா?"

"இல்லையே அண்ணே. ஏன்?"

"போன் ஆஃப்ல இருக்கு. வேற எங்கயாவது போறேன்னு சொன்னாளா? யோசிச்சுச் சொல்லும்மா."

சத்தியம் தொண்டையில் நின்றது. "எதுக்குக் கேக்கறீங்க, முதல்ல அதைச் சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். இவர்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லிப்டின் அடிக்குழியில் இறங்கவோ, லிப்ட் ஓடுகிற தண்டவாளத்தில் ஏறவோ போவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டணும். ஆளுக்கொரு பூட்டு, சாவி அவரவர் சட்டைப்பையில். மாட்டினவர் வெளியே வந்து தன் கையால் கழற்றுகிற வரைக்கும் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. பூட்டு தொங்குகிறது என்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வேலை பாதியில் நின்றால் அடுத்த ஆளிடம் சொல்லி, அவர் பூட்டை மாட்டினபிறகுதான் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போகணும். அந்தக் கட்டிடத்தில் பம்பரத்தின் பூட்டு காலையிலிருந்து தொங்குகிறது. குழிக்குப் பக்கத்தில் அவள் கருவிப் பை. ஏணியில் அவள் ஹெல்மெட். ஆளைக் காணோம்.

"குழிக்குள்ள டார்ச் அடிச்சுக் கூப்பிட்டோம். சத்தம் இல்ல. ரெண்டு பேரு மேலிருந்து கயிறு கட்டி இறங்கிட்டு இருக்காங்க" என்றார்.

சத்தியமாவது மண்ணாவது! "அண்ணே, அவ ராணுவத்துக்கு மெடிக்கல் போறேன்னு சொன்னா, அங்க போயிருப்பா, அங்கதான் போயிருக்கணும்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"போனாளா? நீ பாத்தியா?"

நான் எங்கே பார்த்தேன்? அங்கே போனால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால்தான் அணைந்திருக்கிறது என்று நினைக்கலாம். குழிக்குள் விழுந்து உடைந்திருந்தாலும் போன் அணைந்துதான் இருக்கும். அந்த ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். லைன் பிஸியாகவே இருந்தது. மறுபடி அடித்தேன். அதே கதை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமா நாற்காலியில் இல்லை.

நல்ல கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, விழுந்த காலை இழுத்துக்கொண்டு, வாசல் கதவு வரைக்கும் வந்திருந்தார். நான் போனில் பேசினதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "என்னைக் கீழ இறக்கிவிடு" என்றார்.

"மூணு மாடி மாமா. எப்படி இறக்குவேன்?"

"உருட்டியாவது விடும்மா!" அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "அவ போகும்போது என் சட்டையைக் கோணலாப் போட்டா. அவ மனசு இங்க இல்ல, அப்பவே தெரிஞ்சுது. போகாதன்னு சொல்லியிருக்கணும். சொல்லலையே நான்."

இரண்டு பேரும் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். என் தோளில் சாய்ந்திருந்தார். என் மேல் கை பட்டால்கூட விலகிக்கொள்கிற மனுஷர். மறுபடி மறுபடி அந்த நம்பரை அடித்தேன். ஆபத்து ராணுவத்தில்தான் இருக்கிறது, இங்கே பத்திரம் என்று நாங்கள் எவ்வளவு பேசியிருந்தோம்! சேருவதற்கு முன்னாலேயே, இந்தப் பத்திரமான ஊரில், இந்தப் பத்திரமான வேலையில், அவள் குழிக்குள் கிடக்கிறாளோ என்று இரண்டு பேர் கயிற்றில் இறங்கித் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் சார்ஜென்ட் அம்மாவே எடுத்தார். "அந்தப் பொண்ணா? இங்கதான் கண் பரிசோதனைக்கு வரிசையில நிக்கறா. நிக்கலை, நடந்துகிட்டே இருக்கா. கூப்பிடட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். "இருக்காளா?" என்றார். "இருக்கா மாமா, நல்லா குத்துக்கல்லு மாதிரி இருக்கா" என்றேன்.

சாயங்காலம் போர்மேனே அவளைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். நடந்தது இதுதான். குழியில் ஒரு உருளை தேய்ந்திருந்தது. புதுசு வரணும். போர்மேனுக்குச் சொல்லிப் பூட்டு மாற்றச் சொல்லணும், பஸ்ஸில் ஏறிப் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஏறினதும் ரிசர்வா முழு நேரமா என்ற யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. பூட்டு மறந்துபோய்விட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பண்ணாத தப்பு. பரிசோதனையில் மட்டும் தேறிவிட்டாள்.

"ராணுவத்துக்குப் போறது உன் இஷ்டம். அதுக்கு நான் கோவிக்கல" என்றார் போர்மேன். அவர் கண் சிவந்திருந்தது. "குழிக்குள்ள டார்ச் அடிச்சப்போ, பழைய துணி மூட்டை ஒண்ணு கிடந்துது. அது நீதான்னு நினைச்சேன். ஒரு நிமிஷம் நினைச்சேன் பாரு... ஒரு வாரம் வேலைக்கு வராத. உன் மூஞ்சியைப் பாத்தா அறைஞ்சிடுவேன்." டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பம்பரம் சுவரோரம் உட்கார்ந்தாள். கால் ஆடவில்லை. "நான் எங்கயும் முழுசா இல்ல அண்ணி. இங்க இருக்கும்போது அங்க இருக்கேன். அங்க போனா அப்பா சட்டை ஞாபகம் வருது. பேசாம எதுவும் வேண்டாம்னு விட்டுடறேன்."

மாமா அவளைப் பார்க்காமலே சொன்னார். "நாளையிலேர்ந்து நீ என்னைத் தொடாத."

அவள் அதைத் தண்டனை என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் காலை வாளியோடு போனவளை, வெளியே போ என்று விரட்டினார். அதற்கு மறுநாளும். அவள் கெஞ்சினாள், அழுதாள், கதவுக்கு வெளியே நின்று சண்டை போட்டாள். மனுஷர் மசியவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. வெயில் காலம் வேறு. "மாமா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. நாறுறீங்க" என்று நேராகச் சொல்லிவிட்டேன்.

"தெரியுது. எனக்கும் மூக்கு இருக்கு" என்றார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ வந்து ஊத்தும்மா."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நின்றேன்.

"நிக்காத. மனசு மாறிடும், சீக்கிரம் வா."

அந்தக் குளியலை என்னவென்று சொல்ல! இடுப்பில் துண்டைச் சுற்றி முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். அவர் சுவரைப் பார்க்கிறார், நான் இந்தப் பக்கச் சுவரைப் பார்க்கிறேன். பார்க்காமல் ஊற்றினதில் பாதித் தண்ணீர் என் புடவைக்குப் போயிற்று. "சுடுது! ஆளைக் கொல்லப் பாக்கறியா?" என்று கத்தினார். "கையை ஆட்டாம உக்காருங்க, இல்லாட்டி கண்ணுல சோப்பு போயிடும்!" என்று நானும் கத்தினேன்.

முதுகு தேய்க்கும்போதுதான் சொன்னார். "ரிசர்வுல சேர்ந்தா இவ எப்பவுமே இப்படித்தான் இருப்பா. பாதி இங்க, பாதி அங்க. அன்னிக்கு வெறும் பூட்டோட போச்சு. அடுத்த தடவை நிஜமாவே உள்ள கிடப்பா. அவளை இங்க கட்டி வெச்சிருக்கறது நான். இந்தக் குளியல்தான். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. சொம்பை டங்கென்று வைத்தேன். "நல்லா இருக்கே கதை! நீங்க உங்க பொண்ணுக்கு விட்டுக் கொடுப்பீங்க, பேரு உங்களுக்கு. தினமும் ஊத்தறது யாரு? நான்! என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இப்பக் கேக்கறேன் இல்ல?"

"துண்டைக் கட்டிட்டு சோப்போட உக்காந்துகிட்டுக் கேக்கறதுக்குப் பேரு கேக்கறதா? நான் வேண்டாம்னு சொன்னா எழுந்து போயிடுவீங்களோ?"

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பிலேயே குரல் உடைந்தது. "முடியாது. அதான் கேக்கறேன். எனக்கு வெக்கமா இருக்கும்மா. பொண்ணுகிட்டயும் வெக்கம்தான், பெத்த பொண்ணாச்சேன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். உன்கிட்ட கேக்கறது அதைவிடக் கஷ்டமா இருக்கு. ஆனா அவ போகணும். நீ சரின்னு சொல்லு."

ஈரத் தலையோடு, சோப்பு நுரையோடு, வீட்டில் யாருக்கும் பயப்படாத அந்த மனுஷர் என்னிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் போகவில்லை. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் சொம்பை எடுத்தேன். "உங்க பையன் வீட்டுல இருக்கற நாளெல்லாம் அவர்தான் ஊத்தணும். தூக்கம் வருது, முதுகு வலிக்குதுன்னு ஒரு சாக்கும் நடக்காது. மத்த நாளு நான். கத்தினீங்கன்னா பச்சைத் தண்ணிதான்."

"சரி."

"சரி."

கதவைத் திறந்தால் பம்பரம் நடையில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். முகம் பூராவும் கண்ணீர். "அண்ணி..." என்றாள். "அண்ணியாவது கொண்ணியாவது. துண்டை எடுத்துட்டு வா, உங்கப்பா குளிர்ல நடுங்கறாரு" என்றேன். அவள் எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். உள்ளே போகவில்லை.

அன்றைக்கு மத்தியானமே அந்த நாலாம் மாடிக்குப் போய் முழு நேரம் என்று சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வந்ததும் நேராகப் போர்மேனைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, ஒரு வாரம் முடியாமலே அவரைக் கெஞ்சிச் சம்மதம் வாங்கி, அந்த லிப்டுக்குப் புது உருளையைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்தாள். என் வீட்டுக்காரரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். கேட்டதும் லாரியை ஓரம் கட்டினார். அப்புறம், "தண்ணி எவ்வளவு சூடு வைக்கணும்?" என்று கேட்டார். பரவாயில்லை, ஆள் தேறிவிடுவார்.

கிளம்புகிற நாள் காலையில் மாமா தன் நாற்காலியை உள்ளறைக்குத் தள்ளச் சொன்னார். அங்கே சன்னல் கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, வெயில் என்றார். வெயிலே வரவில்லை அப்போது. பம்பரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தாள். சட்டைப் பொத்தான்களை ஒரு தடவை சரி பார்த்தாள், எல்லாம் நேராகத்தான் இருந்தன, நான் போட்டது. "அப்பா" என்றாள். "போ போ, பஸ் வந்துரும்" என்று அவள் தலையில் கை வைத்துத் தள்ளின மாதிரி செய்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என்ன மனுஷர் இவர், கல்லா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான் கீழே கட்டிட வாசல் வரைக்கும் போனேன். "அண்ணி, அப்பாவுக்கு இடது காதுக்குப் பின்னால தேய்க்க மறந்துடாத" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். ஓடவில்லை. அவள் நிதானமாக நடந்து போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தெருமுனையில் நின்றாள். திரும்பி நிமிர்ந்து எங்கள் மூன்றாம் மாடிச் சன்னலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பஸ் வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறிவிட்டாள்.

படியேறி வந்தேன். மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டா மாமா."

"திரும்பிப் பாத்தாளா?"

"இல்ல மாமா. நேராப் போயி ஏறிட்டா."

"பொய் சொல்லாதம்மா" என்றார். "அவ பாப்பான்னு தெரிஞ்சுதான் நான் இங்க வந்து உக்காந்தேன். என் மூஞ்சியைப் பாத்திருந்தா ஏறியிருக்க மாட்டா."

பக்கத்தில் நின்றேன். அவர் நல்ல கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஒரு தடவை, இரண்டு தடவை. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"இப்ப சன்னல்கிட்ட தள்ளு" என்றார்.